கிணற்றடியில் வேறொருத்தி

பூங்காவிலிருந்து போன் வந்தபோது கிணத்தக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்தது மகள். "ஆமாங்க, அவங்க வீடுதான்... நான் பொண்ணு பேசறேன்" என்று சொல்லிக்கொண்டே அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பேசி முடித்ததும் மடித்து வைத்த துணி அடுக்கின் மேலேயே வந்து உட்கார்ந்தாள்.

"பூங்காவுக்கு ஐம்பது வருஷம் ஆகுதாம். பழைய ஆளுங்கள எல்லாம் கூப்பிடறாங்க. பூங்கா பிறந்த கதையவே நாடகமா போடறாங்களாம். அதுல நீயும் வரியாம்."

"நானா? என் முட்டி இருக்கிற லட்சணத்துல நான் எங்க போய் நடிக்கிறது?"

"நீ நடிக்க வேண்டாம்மா. உன் வேஷத்துல வேற ஒருத்தி நடிக்கிறா. நீயும் அப்பாவும் சந்திச்ச கதையாம்."

கிணத்தக்கா கையிலிருந்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "எந்திரி, துணி கசங்குது" என்றாள்.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. வங்கிக் கணக்கிலும் மருத்துவமனைச் சீட்டிலும் மட்டும் அது உயிரோடு இருந்தது. தெருவில், கடையில், எதிர் வீட்டில் எல்லோருக்கும் அவள் கிணத்தக்காதான். அந்தத் தெருவில் கிணறே கிடையாது.

புனித நகரப் பூங்கா நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு சிமெண்டுக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. பஸ் கம்பெனி நடத்திச் சம்பாதித்த ஒரு பக்திமான் அதைக் கட்டினார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் புனிதர் வாழ்ந்த நகரத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. இருதயம் பலவீனம், அவ்வளவு தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாம் போக முடியாவிட்டால் என்ன, ஊரை இங்கே வரவழைத்துவிடுவோம் என்று முடிவுகட்டினார். எந்த அறிஞரையும் கலந்தாலோசிக்கவில்லை. வீட்டுச் சுவரில் தொங்கிய பிரார்த்தனைக் காலண்டரைக் கழற்றிக் கொத்தனார் கையில் கொடுத்தார். காலண்டரில் கோபுரம் இருந்ததா, பூங்காவில் கோபுரம் வந்தது. காலண்டரில் சந்தைக்காரியின் கூடையில் தக்காளி இருந்ததா, பூங்காவிலும் சிவக்கச் சிவக்கத் தக்காளி வந்தது. கோழிவலையை வளைத்து அதன்மேல் சாந்து பூசிச் சுவர்கள் எழுப்பினார்கள். வெயில் ஏற ஏற நகரம் முழுக்க பெயிண்ட் வாசனை அடிக்கும்.

கிணத்தக்கா அங்கே டிக்கெட் கவுண்டர் வேலைக்குத்தான் போனாள். கிணற்றடிப் பெண்ணாக நின்றவள் திடீரென்று கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட, மேனேஜர் இவளைக் கூப்பிட்டு நீல முக்காடு ஒன்றைக் கையில் திணித்தார். "ஒரு ரெண்டு நாள் சமாளிம்மா, வேற ஆள் பார்த்துடறேன்." அவர் வேறு ஆள் பார்க்கவே இல்லை. முட்டி தேய்ந்து இனிமேல் நிற்க முடியாது என்று ஆகும்வரை அவளே நின்றாள்.

கிணற்றடிப் பெண்ணைப் பற்றிப் புனித நூலில் இரண்டே வரிதான். தாகத்தோடு வந்த புனிதருக்கு அவள் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாழ்த்திவிட்டுப் போனார். அவள் பெயர் என்ன, கறுப்பா சிவப்பா, எதுவும் கிடையாது. மேனேஜரும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தலையக் குனிஞ்சுக்கோ." குனிந்துகொண்டுதான் இருந்தாள். ஒரு கொடும் வெயில் நாளில், புனிதர் வேஷம் போட்டவர் குடத்தை வாங்கி மடமடவென்று மொத்தத்தையும் குடித்துவிட்டு, தாடிக்குள்ளிருந்து கிசுகிசுத்தார்: "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா, செத்துடுவேன் போலிருக்கு." அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முக்காட்டை வாயில் அடைத்தும் அடங்கவில்லை. வேலை போச்சு என்று நினைத்தாள். கூட்டத்துக்கோ அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மறுநாளிலிருந்து தினமும் சிரிக்க வேண்டும் என்று உத்தரவு. சில வருஷங்களில் பூங்காவின் கையேட்டிலேயே 'ஆனந்தத்தில் சிரித்த கிணற்றடிப் பெண்' என்று அச்சாகிவிட்டது. ஒரு பாட்டியம்மா தன் கூட வந்தவர்களிடம், "அன்னைக்கு அவ இப்படித்தான் சிரிச்சா" என்று நேரில் பார்த்ததுபோலச் சொல்லிக்கொண்டு போனதை இவள் காதாலேயே கேட்டாள்.

நாடகத்துக்கு முதல் நாள் தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ளச் சொன்னாள் மகள். "என்னைப் பார்க்கவா வர்றாங்க? அதுக்குத்தான் வேற ஒருத்தி இருக்காளே" என்று மறுத்துவிட்டாள். ஆனால் கிளம்பும்போது நல்ல புடவையைத்தான் கட்டினாள்.

பூங்கா வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். இங்கேதான் அவள் கணவர் ஈட்டியும் தகரத் தலைக்கவசமுமாகக் காவல் வீரன் வேஷத்தில் நின்றிருந்தார். கேட்டில் நிற்பதால் எல்லோருக்கும் அவர் கேட்டண்ணன். மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது, ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டார். மகளுக்கு அவர் முகம் என்பதே நாலைந்து போட்டோக்கள்தான். அவற்றிலும் பாதி வீரன் வேஷத்தில் எடுத்தவை. கிணத்தக்கா அவரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஆரம்பத்தில் வாயைத் திறந்தால் அழுகை வந்தது. குழந்தை முன்னால் அழக்கூடாது என்று வாயை மூடினாள். பிறகு மூடியே பழகிப்போயிற்று.

"இங்கதான் அப்பா நிப்பாரா?" என்றாள் மகள்.

"அந்தத் தூண் பக்கம். நிழல் அங்கதான் விழும்."

உள்ளே நகரம் மாறியிருந்தது. சாந்துச் சுவர்கள் போய் நிஜக் கல்லே வந்திருந்தது. சந்தைத் தெருவில் வெங்காயமும் பூண்டும் பயறும்தான் இருந்தன. ஒரு தக்காளி கிடையாது. அந்தத் தக்காளிகள் போன கதை கிணத்தக்காவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பஸ் முதலாளி காலமாகி மகன் பொறுப்புக்கு வந்தபோது, பல்கலைக்கழகத்திலிருந்து வரலாற்று ஆய்வாளர் ஒருத்தியை வரவழைத்தார். மெலிந்த தேகம், கழுத்தில் கயிறு கட்டிய பேனா. எதைப் பார்த்தாலும் "இது தப்பு" என்பாள். ஒரே வாரத்தில் அவளுக்குத் 'தப்பு மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டது.

"தக்காளி, சோளம், மிளகாய் எதுவுமே அப்ப அந்தக் கண்டத்துல கிடையாது. வந்து சேர இன்னும் ஆயிரத்து ஐநூறு வருஷம் ஆகும்" என்று அவள் சொன்னதும் சந்தைக்காரி வேஷம் போட்டவள் உட்கார்ந்து அழுதேவிட்டாள். வருஷாவருஷம் தன் கையால் சிவப்புப் பூசிய தக்காளிகள் அவை. கூடையோடு வீட்டுக்குத் தூக்கிப்போய் பிரிட்ஜ் மேல் வைத்துக்கொண்டாள்.

கிணற்றடிக்கும் வந்தாள் தப்பு மேடம். "அக்கா, அவ சிரிச்சதா எங்கயும் எழுதலையே?"

"சிரிக்கலைன்னும் எழுதலையே மேடம்?"

"எழுதாததெல்லாம் இருந்திருக்கலாம்னு விட்டா, நாளைக்கு கிணத்துப் பக்கத்துல டெலிபோன் பூத் முளைச்சிடும் அக்கா."

அது நியாயம்தான் என்று கிணத்தக்காவுக்கும் பட்டது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் குடத்தைக் கொடுக்கும் நேரம் வந்ததும் முகம் தானாக மலர்ந்துவிடும். தப்பு மேடம் தூரத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள். கொஞ்ச நாளில் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகமாகிவிட்டார்கள்.

இப்போது கிணற்றைச் சுற்றித் தடுப்புக் கம்பி போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் கம்பி கிடையாது. வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் நேராகக் கிணற்றடிக்கு வந்து கையேந்துவார்கள். ஆள் உயரம்கூட இல்லாத தொட்டி அது. அடியில் நகராட்சிக் குழாய். ஒரு அம்மா அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பாட்டிலில் நிரப்பிப் படுத்த படுக்கையாக இருந்த மகனுக்கு எடுத்துப்போனாள். "குழாய்த் தண்ணிம்மா" என்று சொல்ல கிணத்தக்காவுக்கு வாய் வரவில்லை. பாட்டில் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்தாள்.

வேஷ உடைகள் தைத்த பழைய கூடத்தைத்தான் அரங்கமாக மாற்றியிருந்தார்கள். முன் வரிசையில் பழைய ஆட்களுக்கு இடம். பாதி நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. கைத்தடியோடு தப்பு மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்தில் இப்போதும் பேனா தொங்கியது. "அக்கா, நான் எதுக்கும் பொறுப்பில்ல. என்னைக் கேக்காமலே எழுதிட்டாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

விளக்குகள் அணைந்தன. பஸ் முதலாளி வந்தார், காலண்டர் வந்தது, கொத்தனார்கள் வந்தார்கள். ஜனங்கள் ரசித்தார்கள். பிறகு மேடை நீலமானது. நிலா எழுந்தது. கிணற்றடியில் ஒல்லியாக ஒரு பெண் தலையைக் குனிந்தபடி நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து காவல் வீரன் வந்தான். ஆறடி உயரம், அகன்ற மார்பு, வெண்கலக் குரல். "இந்த நகரத்தின் வாசலைக் காக்கிறேன். என் மனதின் வாசலைக் காக்க முடியவில்லை" என்று சொல்லி ஒரு பூவை நீட்டினான். அவள் கையிலிருந்து குடம் நழுவி விழுந்து உடைந்தது. வயலின் இழைந்தது. பின் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

கிணத்தக்கா இமைக்காமல் பார்த்தாள். பூங்காவைச் சாயங்காலமே பூட்டிவிடுவார்கள். நிலா வெளிச்சத்தில் அவளும் அவரும் அங்கே நின்றதே இல்லை. குடம் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள், அதனால் அவள் உயிரே போனாலும் குடத்தை விட்டிருக்க மாட்டாள். அவர் குரல் கீச்சுக் குரல். உயரத்தில் அவளைவிட ஒரு விரல் கம்மி. யாரோ முன்பின் தெரியாத இருவரின் கல்யாணத்துக்கு வந்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு.

திரும்பி மகளைப் பார்த்தாள். மகளின் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பளபளத்தன.

"அப்பா பூ குடுத்தாரா? நீ சொன்னதே இல்லையே?" என்று கிசுகிசுத்தாள்.

கிணத்தக்கா மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது? இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்தவள் அவள்தானே. காலியாகக் கிடந்த இடத்தில் யாரோ வந்து பூச்செடி நட்டுவிட்டார்கள்.

நாடகம் முடிந்து கேன்டீனுக்குப் போனார்கள். அந்த இடம் மட்டும் மாறவே இல்லை. அதே நீள மேஜை, ஒரு கால் ஆடுகிற அதே பெஞ்சு. மூன்று பேரும் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

தப்பு மேடம் ஆரம்பித்தாள். "இப்பத் தெரியுதா அக்கா, அந்தத் தக்காளியப் பார்க்கும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும்னு?"

"நல்லாத் தெரியுது மேடம். அடிவயிறு எரியுது."

"அப்படின்னா நீங்க இத்தன வருஷம் நடிச்சீங்களே, அந்த நிஜக் கிணத்தடிப் பொம்பள வந்து உங்களப் பார்த்திருந்தா?"

"செருப்பக் கழட்டியிருப்பா."

இருவரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. டீ டம்ளரைச் சுழற்றிக்கொண்டே கேட்டாள்: "அப்ப அந்தப் பூ பொய்யா?"

கிணத்தக்காவின் சிரிப்பு நின்றது. டீயை ஒரு மடக்குக் குடித்தாள்.

"பொய்தான்டி. பூவெல்லாம் ஒண்ணும் குடுக்கல. உங்கப்பா கண்ணாடிய கிணத்துக்குள்ள போட்டுட்டார்."

"என்னது?"

"உனக்கு இந்தக் கண்ணு அவர்கிட்டேர்ந்துதான் வந்தது. கண்ணாடி இல்லன்னா பக்கத்துல நிக்கிறது ஆளா தூணான்னு தெரியாது அவருக்கு. ஆனா ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின வீரன் கண்ணாடி போடக்கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, முதலாளியவே ஈட்டிய நீட்டி நிறுத்தி 'எந்த ஊர்க்காரன்டா நீ?'ன்னு கேட்டுட்டார். முதலாளி, வேலைன்னா இப்படி இருக்கணும்னு பாராட்டிட்டுப் போனார். அதுலேர்ந்து கண்ணாடிய மார்க்கவசத்துக்குள்ள ஒளிச்சு வச்சுக்குவார். யாரும் இல்லாதப்ப எடுத்து மாட்டிக்குவார்."

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒரு நாள் தண்ணி குடிக்க வந்து கிணத்துல குனிஞ்சார். தொபுக்னு விழுந்துடுச்சு. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் கூட்டம் வந்து நிக்குது. இவர் என் காதுகிட்ட வந்து, 'என் கண்ணாடி உள்ள போயிடுச்சுங்க, கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்'ங்கறார். கூட்டத்துக்கு முன்னாடி நான் வேஷத்தக் கலைக்கக் கூடாது. தோல் வாளிய விட்டேன், தண்ணி வந்துச்சு, கண்ணாடி வரல. கொட்டிட்டு மறுபடி விட்டேன். மறுபடி கொட்டினேன். இது ஏதோ சடங்குன்னு நினைச்சு கூட்டம் மொத்தமும் கையக் கூப்பிக்கிட்டு நிக்குது. ஒரு பெரியவர் கண்ண மூடிப் பிரார்த்தனையே ஆரம்பிச்சுட்டார். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு வேற, கோவம் வேற."

"அப்புறம்?"

"கடைசியா வாளியில வந்துச்சு. முக்காட்டுல சுத்தி அவர் கையில குடுத்தேன். கூட்டம் போனதும் எடுத்து மாட்டினார். என் முகத்தப் பார்த்தார். முதல் தடவ சரியாப் பார்க்கறார். என்ன சொன்னார் தெரியுமா? 'நீங்க இவ்வளவு கோவமா இருக்கீங்கன்னு தெரியவே இல்லங்க, மன்னிச்சுக்குங்க'ன்னார்."

மகள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. கிணத்தக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தப்பு மேடம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு டீயை ஊதினாள், அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் நாடகம் எழுதிய இளைஞன் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தான். "அக்கா, எப்படி இருந்துச்சு? மனசார சொல்லுங்க."

"நல்லா இருந்துச்சு தம்பி. ஆனா எங்க வீட்டுக்காரர் கண்ணாடி போடுவார். அத மட்டும் சேர்த்துக்குங்க."

"கண்ணாடியா? அது உருக்கமான கட்டமாச்சே அக்கா. வீரன் கண்ணாடியோட வந்தா ஜனங்க சிரிச்சிடுவாங்க."

"சிரிக்கட்டுமே. அன்னைக்கு நான் சிரிக்க முடியாம நின்னேன் பாரு, அது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கிணற்றுக் கதை முழுவதையும் அவனுக்குச் சொன்னாள். இப்போதுதான் கேட்ட கதையை, பக்கத்தில் நின்று பார்த்தவள்போலச் சொன்னாள். 'எந்த ஊர்க்காரன்டா நீ' என்பதைக் கீச்சுக் குரலில் சொன்னபோது கிணத்தக்கா திடுக்கிட்டாள். குரலைப் பற்றி அவள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

இளைஞன் தலையைச் சொறிந்தான். "அப்படின்னா பூவ எடுத்துடறேன்க்கா."

கிணத்தக்கா டம்ளரின் விளிம்பை விரலால் துடைத்தாள். "வேண்டாம், பூ இருக்கட்டும். அவர் குடுக்கல. குடுத்திருந்தா வாங்கியிருப்பேன்."

"அக்கா! அது தப்பு!" என்றாள் மேடம்.

"தக்காளிய எடுத்தீங்க, சோளத்த எடுத்தீங்க, நான் ஏதாவது சொன்னேனா? இந்த ஒண்ண விடுங்க மேடம்."

மேடம் கைத்தடியின் பிடியைத் திருகினாள். "சரி. ஆனா வாசல்ல ஒரு பலகை வைங்க தம்பி. பூ கற்பனை, கண்ணாடி நிஜம்னு எழுதிடுங்க." சொன்னபடியே பலகை வந்தது. அதிலிருந்த எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லி மேடம் நேரிலேயே போய்விட்டு வந்தாளாம்.

கண்ணாடி வைத்த நாளிலிருந்து அந்தக் கட்டத்துக்குச் சிரிப்பு அலையலையாக வருகிறது என்று இளைஞன் போனில் சொன்னான். இன்னொரு முறை வந்து பார்க்கும்படி கூப்பிட்டான். கிணத்தக்கா முட்டியைச் சாக்குச் சொல்லி மறுத்துவிட்டாள். நிஜத்தில், வாளியோடு கண்ணாடி மேலே வந்த அந்த வினாடி தன் கண்ணுக்குள் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

அதன் பிறகு மகள் விடுமுறை நாட்களில் அம்மாவைச் சும்மா விடுவதில்லை. சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போதும், பால்கனியில் காற்று வாங்கும்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்த கதை வந்தது. மத்தியான இடைவேளைக்குள் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதால், அவர் காலில் வீரனின் தோல் செருப்போடேயே கையெழுத்துப் போட்டார். ஒரு சம்பள நாளில் அவர் பூனைக்குட்டியைத் தலைக்கவசத்துக்குள் வைத்துக்கொண்டு வந்த கதை வந்தது. சொல்லச் சொல்ல கிணத்தக்காவுக்கே இன்னும் இன்னும் நினைவுக்கு வந்தது. பெயிண்ட் வாசனையோடு, பக்கத்துத் தெருவில் சந்தைக்காரி கூவும் சத்தத்தோடு வந்தது.

"நான் பிறந்தப்ப என்னைப் பார்த்துட்டு அப்பா என்ன சொன்னார்?" என்று ஒரு நாள் கேட்டாள் மகள்.

கிணத்தக்கா உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அது ஞாபகம் இல்லடி. மயக்கத்துல கிடந்தேன். வெளிய மழை பேஞ்சுது, அது தெரியும். அவர் ஜன்னல் பக்கமா நின்னார்."

"என்னைத் தூக்கினாரா?"

"தெரியலையே."

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, மழைய மட்டும் சொல்லு. சின்ன மழையா, பெரிய மழையா?"

"பெரிய மழை" என்றாள் கிணத்தக்கா. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.